வெல்லவாய பஸ்ஸுக்கு முதல் நாள் இரவு

பதுளையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மூன்று அறைகள் இருக்கின்றன. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய பிறகு வெளியூர்ப் பெண் பிள்ளைகள் அந்த அறைகளில் தங்கிப் படிக்கிறார்கள். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, புத்தளம் என்று ஒவ்வொரு ஊர்ப் பேச்சும் எங்கள் குசினியில் கேட்டிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் திருச்சியிலிருந்தும் ஒரு பிள்ளை வந்தாள். தேயிலை பற்றிய படிப்பு, சில மாதத் தங்கல். அவளுடைய பாட்டி பசறைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறியவர். அவருடைய பேத்தி திரும்பி வந்திருக்கிறாள் என்பதே எங்கள் வீட்டில் பெரிய விசேஷமாக இருந்தது.

வந்த இரண்டாம் கிழமை அவள் கேட்டாள்: "அம்மா, புதுருவகலைக்கு எந்த பஸ்ல போகணும்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து கதிர்காமத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். வெல்லவாய தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தப் பெயர்ப்பலகை வரும். வேனில் முருகன் பாட்டு ஓடும், "நேரமாகுது" என்று பெரியவர்கள் சொல்வார்கள், பலகை பின்னால் போய்விடும். ஐம்பது வயது வரை நான் அங்கே இறங்கியதில்லை. அவளோடுதான் முதன்முதலாக இறங்கினேன்.

அந்தப் பயணத்தில் சம்பல் கெட்டுப்போனது, இருவருக்கும் உள்ளங்கால் சுட்டது, கடைசி பஸ்ஸை ஓடிப் பிடித்தோம். புதுருவகலையின் ஆயிரம் வருடத்துப் புத்தர் சிலைக்கு முன்னால் நின்றுகொண்டு பசியையும் காலையும் நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றைக்கும் மனக்குறை. வயிறு, கால், திரும்பும் பஸ் ஆகிய மூன்றுக்கும் வீட்டிலேயே வழி செய்துவிட்டால்தான் கண் கல்லின்மேல் நிற்கும். அன்று இரவே ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். வருடா வருடம் அதில் இரண்டு வரி கூடுகிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

1. ஒரு நாளுக்கு ஒரு திசை போதும். பதுளையிலிருந்து அரை நாளில் பார்க்க வேண்டுமென்றால் பண்டாரவளை வீதியில் உள்ள தோவ விகாரைக்குப் போங்கள். பாறையில் 38 அடி உயரப் புத்தர், செதுக்கி முடிக்காமல் விட்ட நிலையில் நிற்கிறார். பஸ் அதன் வாசலிலேயே நிற்கும். ஹாலிஎலயிலிருந்து உள்ளே போனால் போகொட மரப்பாலம். ஓட்டுக் கூரை போட்ட அந்தப் பழைய பாலம் கல்லந்த ஓயாவுக்கு மேல் இருக்கிறது. முழு நாள் கையில் இருந்தால் வெல்லவாய வழியாகப் புதுருவகல. நாலைந்து பேர் சேர்ந்து வேன் பிடித்தால் புத்தல பக்கம் யுதகனாவ, தெமட்டமல் விகாரை, மாளிகாவில மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். பொலன்னறுவையை ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். பஸ்ஸிலேயே பகல் கழிந்துவிடும். அதற்கு ஓர் இரவு தங்க வேண்டும்.

2. போயா (பௌர்ணமி) தினத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, விகாரைகளில் கூட்டம். கல்லை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் சாதாரண நாளில் போங்கள். வெள்ளை உடுத்த மக்கள் பூத்தட்டோடு வருவதையும் பார்க்க ஆசையென்றால் போயாவிலேயே போகலாம், ஆனால் முதல் பஸ்ஸில் போங்கள்.

3. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் இந்தப் பக்கம் மண் சரியும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை ஊவாத் தமிழர் யாரும் மறக்கவில்லை. முதல் நாள் இரவுச் செய்தியில் பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். "டிக்கெட் எடுத்தாச்சு, சேர்ந்து போறதா சொல்லியாச்சு" என்ற காரணமெல்லாம் என் வீட்டில் எடுபடாது. சந்தேகமென்றால் இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் கேட்கலாம்.

4. பதுளையிலிருந்து வெல்லவாயவுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம் அளவில் ஆகும். ஹாலிஎல, தெமோதரை, எல்ல, ராவணா நீர்வீழ்ச்சி என்று வழி. வெல்லவாயவில் இறங்கி, தணமல்வில வீதியில் சுமார் 5 கிலோமீட்டர் போனால் சந்தி, அங்கிருந்து உள்ளே இன்னும் 4 கிலோமீட்டர். சந்தியிலிருந்து நடக்கலாம், வழியில் குளமும் பறவைகளும் உண்டு. ஆனால் பத்து மணிக்குப் பிறகு அந்த வெயிலில் நடப்பதை நான் விரும்பமாட்டேன். வெல்லவாய டவுனிலேயே ஆட்டோ பேசி, காத்திருந்து திரும்பக் கொண்டுவிடும் கூலியையும் சேர்த்து முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

5. வெல்லவாயவில் இறங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்பது. சிங்களம் தெரியாத பிள்ளைகள் இரண்டு வாக்கியம் பாடமாக்கிக்கொள்ளுங்கள். "பதுல்லட்ட அந்திம பஸ் எக கீயட்டத?" (பதுளைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?). "புதுருவகல ஹந்தியென் பஸ்ஸன்ன" (புதுருவகல சந்தியில் இறக்கிவிடுங்கள்). திருச்சிப் பிள்ளை இதைக் கையில் எழுதிக்கொண்டு போனாள். கொண்டக்டர் சிரித்துக்கொண்டே அவளை முன் சீட்டில் உட்கார வைத்தார். எங்கள் அனுபவத்தில், நாம் தப்பும் தவறுமாகவாவது அவர்கள் மொழியில் கேட்டால் உதவி இரண்டு மடங்காக வரும்.

6. கடைசி பஸ்ஸை நம்பி இருக்காதீர்கள். அதற்கு முந்தியதைப் பிடியுங்கள். எல்ல–வெல்லவாய வீதி ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். 2025 செப்டம்பரில் ஓர் இரவு, சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்களின் பஸ் அந்த வீதியில் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். வேன் பிடித்துப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: இருட்டுவதற்குள் எல்லயைத் தாண்டிவிடுங்கள். சாரதி களைத்திருந்தால் ஒரு பிளேன்டீ குடிக்க நிறுத்தச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

7. பெரிய தாள்களை உள்பையில் வையுங்கள். இருபது, ஐம்பது, நூறு ரூபாய்களைத் தனியாக மடித்து எடுத்துப்போங்கள். பஸ்ஸுக்கும் உண்டியலுக்கும் தம்பிலிக் கடைக்கும் அவைதான் தேவைப்படும்.

8. வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள் மாணவர் அடையாள அட்டையோடு கடவுச்சீட்டையும் எடுத்துப்போக வேண்டும். சிகிரியா, பொலன்னறுவை, அநுராதபுரம் போன்ற இடங்களில் வெளிநாட்டவர் கட்டணம் மிக அதிகம். சார்க் நாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டினால் அது குறையும். பிரதியைக் காட்டி வாதாடிக்கொண்டு நிற்பதைவிட, மூலத்தையே ஈரம் படாத உறையில் போட்டு உடம்போடு வைத்திருப்பது நல்லது. பிரதி ஒன்றை அறையில் விட்டுப்போங்கள்.

9. இனிச் சாப்பாடு. இதில்தான் நான் தோற்றேன், ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

பதுளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எல்ல அதற்கும் மேலே, 1,000 மீட்டரைத் தாண்டும். அங்கிருந்து பஸ் ஒரேயடியாக வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகிறது. காலை ஐந்து மணிக்கு இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கட்டிய பார்சல், பதினொரு மணிக்கு அங்கே அடுப்பங்கரைச் சூட்டில் இருக்கும். பச்சைத் தேங்காய் அரைத்த சம்பல் அதற்குத் தாங்காது. நான் ஆசையாகத் தேங்காய்ச் சம்பல் வைத்துக் கட்டினேன். பிரித்தபோது நுரைத்திருந்தது.

இப்போது ரொட்டிக்குக் கட்டசம்பல்தான் வைக்கிறேன். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு சேர்த்து இடித்து, கடைசியில் தேசிக்காய் பிழிய வேண்டும். மாசி சேர்க்காதீர்கள், விகாரை வளவுக்குள் கொண்டுபோகிறோம். ரொட்டி மாவில் தேங்காய்ப்பூ போடலாம். கல்லில் நன்றாகச் சுட்டு, ஈரம் போகும்வரை தட்டில் விரித்து ஆறவிட்ட பிறகே அடுக்குங்கள். சூட்டோடு அடுக்கினால் வியர்த்து ஒட்டிக்கொள்ளும்.

சோறுதான் வேண்டுமென்றால் புளிச்சோறு. இரவே புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மேலே மிதக்கும்வரை காய்ச்சி வைத்துவிடுங்கள். காலையில் சோறு வடித்து, அகலத் தட்டில் கொட்டி, ஆறிய பிறகு கிளறுங்கள். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். பருப்பு, பால்கறி, கீரை எதுவும் வேண்டாம்.

10. லஞ்ச் சீட்டைவிட வாழையிலை நல்லது. இலையை நெருப்பில் மேலாக வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. வெளியே பழைய பத்திரிகைத் தாள் சுற்றுங்கள். சாப்பிட்டு முடித்ததும் தாளையும் இலையையும் பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். பழைய இடங்களில் சோற்றுப் பருக்கை சிந்தினால் குரங்கு வரும், நாய் வரும், பிறகு அடுத்து வருகிறவர்களுக்குத் தொல்லை.

11. இரண்டு தண்ணீர்ப் போத்தலில் ஒன்றை முக்கால்வாசி நிரப்பி இரவு முழுக்க உறையவிடுங்கள். நிறைய ஊற்றினால் போத்தல் வெடிக்கும். காலையில் அதை ஒரு சின்னத் துவாயில் சுற்றிச் சாப்பாட்டுப் பார்சலுக்குப் பக்கத்தில் வைத்தால் பார்சலும் குளிராக இருக்கும், மதியம் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும், அந்த ஈரத் துவாயால் முகமும் துடைக்கலாம். ஒரு ஜீவனிப் பக்கெட் பையில் இருக்கட்டும். தலை சுற்றினால் நிழலில் உட்கார்ந்து அதைக் கரைத்துக் குடியுங்கள்.

12. வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் காலையில் பால்தேநீர் குடிக்காதீர்கள். வெறும் ரொட்டி பாதி, இஞ்சிச் சாயம் அரைக் கோப்பை போதும். தேசிக்காய் ஒன்றை மெதுவாகக் கீறிக் கையில் வைத்திருந்து மணந்துகொண்டு போகலாம். பின் சீட் வேண்டவே வேண்டாம்.

13. தோளும் முழங்காலும் மூடிய பருத்தி உடுப்பு, வெளிறிய நிறம். வெள்ளையென்றால் இன்னும் நல்லது. இது பௌத்தர்கள் இன்றும் கும்பிடும் இடம். நம் கோயிலுக்கு யாராவது எப்படி வர வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போமோ அப்படிப் போக வேண்டும். ஒரு சால்வை பையில் இருந்தால் வெயிலுக்கும் உதவும், பஸ்ஸில் குளிருக்கும் உதவும்.

14. காலுறை! இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். செருப்பைக் கழற்றியபின் கல்லிலும் மணலிலும் நடக்க வேண்டும். மதியத்தில் அந்தச் சூடு தாங்க முடியாது. தடித்த பருத்திக் காலுறை ஒரு சோடி கொண்டுபோய், கழற்றும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். அன்று நானும் அந்தப் பிள்ளையும் நிழலிலிருந்து நிழலுக்குத் தாவிக்கொண்டிருந்தோம். அங்கே வந்த ஒரு சிங்களப் பாட்டி தன் பையிலிருந்து ஒரு சோடி எடுத்து அவளுக்குக் கொடுத்து, திருப்பி வாங்கவும் மறுத்துவிட்டார். அதைத் துவைத்து இன்னும் வைத்திருக்கிறேன். காலுறை மறந்து வருகிற பிள்ளைக்கு அதைத்தான் கொடுத்தனுப்புவேன்.

15. தொப்பி, குடை இரண்டும் சிலைக்கு முன்னால் இறங்க வேண்டும். வழிக்கு மட்டும்தான் அவை.

16. பாறைகளில் குளவி கூடு கட்டும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் குளவிக் கொட்டு என்றால் என்னவென்று தெரியும், அதில் உயிர் போனதும் உண்டு. வாசனைத் திரவியம் பூசாதீர்கள், பாறையடியில் கத்திக் கூப்பிடாதீர்கள், கல்லெறியாதீர்கள், புகை போடாதீர்கள். கூடு கலைந்தால் கையை வீசாமல், தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு வேகமாக விலகுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 1990 அம்பியூலன்ஸுக்கு அழையுங்கள்.

17. மழைக்காலத்தில் போகொட, தோவப் பக்கம் அட்டை இருக்கும். காலுறையின் மேல் விளிம்பில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் ஏறாது. ஏறிவிட்டால் பிய்க்காதீர்கள், கொஞ்சம் உப்பு வைத்தால் தானே விழும். வெல்லவாயப் பக்கத்து வறண்ட காட்டில் அட்டை குறைவு, முள் அதிகம்.

18. மாத நாள் நெருங்குகிற பிள்ளைகள் நாப்கின், பழைய பத்திரிகைத் தாள், மூடிக் கட்டக்கூடிய பை மூன்றையும் தயாராக எடுத்துப்போங்கள். கழிப்பறைக்கு வெல்லவாய டவுனிலேயே போய்விட்டு ஆட்டோ ஏறுங்கள். உள்ளே நம்பிப் போக முடியாது.

19. இத்தனையும் பார்த்துக்கொண்டு போனால், பிறகு சிலைக்கு முன்னால் அவசரப்பட வேண்டியதில்லை. முதலில் தூரத்தில் நில்லுங்கள். படம் எடுக்கும் கருவியைப் பத்து நிமிடம் பைக்குள் வையுங்கள்.

புதுருவகலையில் ஒரே பாறையில் ஏழு உருவங்கள். நடுவில் நிற்கும் புத்தர் சுமார் 51 அடி. எங்கள் மாடி வீட்டைப் போல இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் அவர் தோளுக்குத்தான் வரும். இலங்கையில் பாறையில் செதுக்கிய நிற்கும் புத்தர்களில் இவரே மிக உயரம் என்கிறார்கள். காலம் 9ஆம், 10ஆம் நூற்றாண்டு அளவு. மேலே பூசியிருந்த சுதையும், அங்கியில் தீட்டிய செம்மஞ்சளும் இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்கத்தான் தூரமும் நேரமும் வேண்டும்.

பிறகு இரண்டு பக்கத்தையும் பாருங்கள். நாம் பார்க்கும்போது இடது பக்கம் இருக்கும் மூவரில் நடுவில் வெள்ளைச் சுதையோடு நிற்பவர் அவலோகிதேசுவரர். அருகே ஒரு பெண் உருவம், தாரை. வலது பக்கம் மைத்திரேயரும், கையில் வச்சிரம் ஏந்திய வச்சிரபாணியும். இவர்கள் எல்லாரும் மகாயான மரபுக்குரியவர்கள். இன்றைய இலங்கை பௌத்தம் தேரவாதம். அப்படியென்றால் ஆயிரம் வருடத்துக்கு முன் இந்தக் காட்டில் இன்னொரு வகை வழிபாடு இவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது. தாரையின் முன்னால் திருச்சிப் பிள்ளை நெடுநேரம் நின்றாள். "இடுப்பு வளைவைப் பாருங்கம்மா, எங்க ஊர்க் கோயில் செப்புச் சிலை மாதிரியே நிக்கிறாங்க" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் அது தெரிந்தது. தெரிந்த ஒன்றைக் கொண்டுபோனால் தெரியாததைப் பார்க்க முடிகிறது. ஆகவே போவதற்கு முதல் நாள், உங்கள் ஊர்க் கோயில் சிலை ஒன்றையாவது மனதில் நினைத்துக்கொண்டு போங்கள்.

புத்தரின் கால் அருகே விளக்குச் சுடர் வடிவில் ஒரு குழி உண்டு. அதன் உள்ளே கடுகெண்ணெய் வாசம் வரும் என்று ஊரார் நம்புகிறார்கள். முகர்ந்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் காவலரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

20. செதுக்கு வேலைப்பாடு சாய்ந்த வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். முதல் பஸ்ஸைப் பிடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

21. இடிந்த இடத்தில் இல்லாமற்போனதையும் தேடுங்கள். பாறையில் வரிசையாகத் துளைகள் இருந்தால் அங்கே ஒரு காலத்தில் மரச்சட்டமோ கூரையோ பொருத்தியிருப்பார்கள். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு வெட்டு ஓடினால், மழைத் தண்ணீர் உள்ளே வடியாமல் வெளியே சொட்டுவதற்காக வெட்டியது. லயத்துக் கூரையில் பீலி வைப்பது போலத்தான். மாளிகாவிலயில் சுண்ணக் கல்லில் ஒரே துண்டாகச் செய்த புத்தர், 7ஆம் நூற்றாண்டினது என்று சொல்லப்படுகிறது. காட்டுக்குள் விழுந்து கிடந்த அதை 1990களின் தொடக்கத்தில்தான் மறுபடி நிமிர்த்தினார்கள். சுற்றிலும் இருக்கும் செங்கல் அடித்தளத்தையும் கல்தூண்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அந்தச் சிலையைச் சுற்றி எவ்வளவு பெரிய மண்டபம் இருந்தது என்பது அப்போதுதான் புரியும்.

யுதகனாவத் தூபி அண்ணன் துட்டகைமுனுவுக்கும் தம்பி சத்தாதிஸ்ஸனுக்கும் சண்டை நடந்த இடம் என்றும், தோற்ற தம்பி ஒளிந்த இடம் தெமட்டமல் விகாரை என்றும் கதை. இரண்டையும் அந்த வரிசையிலேயே பாருங்கள், கதை காலில் ஏறும்.

22. ஏறாதீர்கள், எழுதாதீர்கள். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடும். 2019 ஜனவரியில் கிரலாகல தூபியின் மேல் ஏறி நின்று எடுத்த படங்கள் முகநூலில் வந்ததால் பல்கலைக்கழக மாணவர் 8 பேர் கைதானார்கள். விளக்கமறியலில் இருந்து, ஆளுக்கு 50,000 ரூபா தண்டம் கட்டி வெளியே வந்தார்கள். அதற்கு முன், 2015இல் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து சுற்றுலா வந்த ஓர் இளம் பெண் சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறினாள். இரண்டு வருடச் சிறை. பிறகு ஜனாதிபதி மன்னிப்பில் விடுதலையானாள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, சட்டம் தெரியாமல் செய்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தமிழிலும் பெரிதாக எழுதிய பலகை எல்லா இடத்திலும் இருந்தால் இப்படி நடக்காது என்பது என் எண்ணம். பலகை இல்லாவிட்டாலும் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. செங்கல் மேடு போலத் தெரிவது தூபியாக இருக்கலாம். தெரியாத எதன்மேலும் உட்காரவும் வேண்டாம். சின்ன ஓட்டுத் துண்டைக்கூட ஞாபகத்துக்கென்று பையில் போடாதீர்கள்.

23. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது இங்கே பெரிய அவமரியாதை. உங்கள் முகமும் படத்தில் வேண்டுமென்றால் பக்கவாட்டில், சிலையை நோக்கித் திரும்பி நில்லுங்கள். கும்பிடுகிறவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

24. சின்னக் கொப்பி ஒன்றும் பென்சிலும் கொண்டுபோங்கள். எடுத்த படங்களை ஆறு மாதத்தில் தேடிப் பிடிக்க முடியாது. கொப்பியில் வரைந்த கோணல் படம் ஞாபகத்தில் இருக்கும். பிக்குவோ காவலரோ சொன்ன பெயர்களைக் கேட்டபடியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

25. சிலருக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது. பரீட்சை, காசு, உடம்பு என்று காரணம் இருக்கும். அவர்கள் பதுளை டவுனிலேயே தொடங்கலாம். முத்தியங்கனை விகாரை நடந்து போகும் தூரம். பொது நூலக வளவில் பதுளைத் தூண் கல்வெட்டு நிற்கிறது. 10ஆம் நூற்றாண்டில் நான்காம் உதயன் காலத்தது, மஹியங்கனைப் பக்கம் சொரபொர வாவியருகே கிடைத்து இங்கே கொண்டுவந்தது. மன்னர் மஹியங்கனைக்கு வந்தபோது, சந்தைக்காரரும் ஊராரும் அவர் முன்னால் போய், அதிகாரிகள் முறைகேடாகப் பணம் பிடுங்குகிறார்கள் என்று முறையிட்டார்கள். அதைக் கேட்டு, சந்தையில் எதற்கு வரி வாங்கலாம், எதற்கு வாங்கக் கூடாது என்று விதித்ததைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். சம்பள நாளில் பதுளைச் சந்தைக்கு வந்து போகும் எங்கள் தோட்டத்துச் சனங்களுக்கு அந்தக் கல் சொல்வது நன்றாகப் புரியும். நூலகத்துக்குப் புத்தகம் மாற்றப் போகும் பிள்ளைகள் அதைப் பார்க்காமல் கடந்து போவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

26. தமிழ் எழுத்தையே கல்லில் பார்க்க வேண்டுமென்று கேட்கிறவர்களுக்கு, விடுமுறையில் இரண்டு நாள் ஒதுக்கிப் பொலன்னறுவைக்குப் போகச் சொல்வேன். சோழர் கட்டிய வானவன் மாதேவி ஈஸ்வரத்தின் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. வேளைக்காரப் படையினர் தந்ததாதுக் கோயிலைக் காப்பதாகச் சத்தியம் செய்து தமிழில் வெட்டிவைத்த பெரிய கல்லும் அங்கே நிற்கிறது. ஒரு பௌத்தக் கோயிலுக்குத் தமிழில் காவல் எழுதியிருக்கிறார்கள் என்பதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

27. போன் சார்ஜ் பாதிக்குக் கீழே போனால் படம் எடுப்பதை நிறுத்துங்கள். மீதி திரும்பி வருவதற்கு. பொலிஸ் 119, அம்பியூலன்ஸ் 1990. இரண்டும் இலவசம். என் இலக்கத்தைக் கொப்பியின் முதல் பக்கத்திலும் எழுதுங்கள், போன் செத்தாலும் கொப்பி சாகாது.

28. வந்ததும் முதலில் வீட்டுக்கு ஒரு அழைப்பு. திருச்சிப் பிள்ளை அன்று இரவு பாட்டியை வீடியோவில் கூப்பிட்டு, கொப்பியில் வரைந்த தாரையைக் காட்டினாள். பாட்டி சிலையைப் பார்க்கவில்லை. "பஸ்ஸு பசறப் பக்கம் போச்சா? மலையில கொழுந்து இருக்கா?" என்றுதான் கேட்டார். அடுத்த ஞாயிறு பசறைக்குப் போவதென்று அப்போதே முடிவாயிற்று. அதற்கு இந்தத் தாளில் உள்ள எதுவும் தேவைப்படவில்லை, ரொட்டியைத் தவிர.

29. செம்மண் பட்ட காலுறையையும் காற்சட்டை விளிம்பையும் நேராகச் சவர்க்காரத் தண்ணீரில் போடாதீர்கள், கறை பிடித்துக்கொள்ளும். முதலில் காயவிட்டு உதறி, குளிர்ந்த தண்ணீரில் அலசி, பிறகு சவர்க்காரத்தில் இரவு முழுக்க ஊறவையுங்கள். சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் வையுங்கள். சாப்பாட்டுப் பார்சலிலிருந்து திரும்பி வந்த தாளே அதற்குப் போதும்.